நாற்பது வயதில் ஐஸ் ஹாக்கி

1996 ஜனவரி 20 அன்று பாஸ்டனில் நடந்த ஐஸ் ஹாக்கி நட்சத்திர ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். பனித்தளத்தில் வழுக்கிக்கொண்டிருந்த கறுப்பு வட்டைச் சுற்றி நீலமாக ஓர் ஒளி மிதந்தது. யாராவது ஓங்கி அடித்து வேகம் மணிக்கு 70 மைலைத் தாண்டினால், அதன் பின்னால் சிவப்பாக ஒரு வால் நீண்டது. ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 'பக்' எனப்படும் ரப்பர் வட்டுதான் ஆட்டக்கருவி: 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், எடை 170 கிராமைத் தாண்டாது. அது எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்பது அமெரிக்கப் பார்வையாளர்களின் பழைய புகார். ஃபாக்ஸ் தொலைக்காட்சி வட்டுக்குள் மின்னணுக் கருவிகளைப் புதைத்து அதற்கு ஒரு வைத்தியம் செய்து பார்த்தது. பழைய ரசிகர்கள் எரிச்சலடைந்தார்கள், புதியவர்களும் திரண்டு வரவில்லை. 1998-ல் அந்த ஒளி அணைக்கப்பட்டது. அந்தக் குழுவில் இருந்த ஸ்டான் ஹனி என்ற பொறியாளர்தான் அதே ஆண்டில் அமெரிக்கக் கால்பந்துக்காக ஒரு மஞ்சள் கோட்டைத் திரையில் வரைந்து காட்டும் நுட்பத்திலும் ஈடுபட்டார். பந்தோடு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதைக் காட்டும் கோடு அது. இன்று அந்தக் கோடு இல்லாத ஒளிபரப்பே கிடையாது. ஒன்று தோற்று மற்றொன்று வென்றதற்குக் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. மஞ்சள் கோடு ஆட்டத்தில் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. நீல ஒளியோ வட்டு எங்கே என்று மட்டும் சொன்னது.

வயதுவந்தபின் ஐஸ் ஹாக்கிக்கு ரசிகராக முயன்று பாதியில் விட்டவர்களில் பலர் விழுந்த குழியும் இதுதான். கண் வட்டையே துரத்துகிறது, வட்டு ஓடிவிடுகிறது, இரண்டு மணி நேரம் கழித்துத் தலைவலி மிச்சம். இதெல்லாம் சின்ன வயதிலேயே பழகியிருக்க வேண்டும் என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பிந்தி வருபவரிடம் இல்லாதது பால்ய நினைவு அல்ல, பழகிய கண். கண்ணைப் பழக்குவதற்கு வயது வரம்பு இல்லை, ஒரு பருவமே தாராளம். இதற்குச் சதுரங்கத்தில் ஒரு சான்று உண்டு. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தின் பலகையைச் சில விநாடிகள் காட்டி மறைத்துவிட்டு, காய்களை அப்படியே திரும்ப அடுக்கச் சொன்னார்கள். கைதேர்ந்தவர் பெரும்பாலானவற்றைச் சரியாக வைத்தார், புதியவர் திணறினார். பிறகு காய்களை அர்த்தமில்லாமல் இறைத்துவைத்துக் காட்டியபோது இருவரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தடுமாறினார்கள். கைதேர்ந்தவரின் கண்பார்வை கூர்மையானது அல்ல. அவர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, அமைப்புகளைப் பார்க்கிறார். பனித்தளத்திலும் அதுவே நடக்கிறது. பழைய ரசிகருக்கும் வட்டு பாதி நேரம் தெரிவதில்லை. ஆட்டக்காரர்களின் உடல் சாய்வதையும் கோல்கீப்பரின் தலை திரும்புவதையும் வைத்து அது எங்கே இருக்கும் என்று ஊகித்துவிடுகிறார், அவ்வளவுதான்.

பழக வேண்டிய அமைப்புகள் அப்படியொன்றும் நிறைய இல்லை. புல்தரை ஹாக்கி தெரிந்த தமிழருக்கு, கோவில்பட்டிப் பக்கத்தவர் என்றால் சொல்லவே வேண்டாம், பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பச்சை அட்டை வாங்கியவர் இரண்டு நிமிடம் வெளியே உட்காருவது போலவே இங்கும் சிறு தவறுக்கு இரண்டு நிமிடத் தண்டனை. அந்த நேரம் எதிரணிக்குப் பவர் பிளே. கிரிக்கெட்டின் பவர் பிளேயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அது நிஜமாகவே ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேர். அப்படியும் ஐந்தில் ஒரு முறைதான் கோல் விழுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், நான்கு பேர் தாக்குப்பிடிப்பதே தனி ஆட்டமாகத் தெரியத் தொடங்கும். புல்தரை ஹாக்கி 1990-களில் கைவிட்ட ஆஃப்சைடு விதி இங்கே உயிரோடு இருக்கிறது: எதிரணியின் நீலக்கோட்டைத் தாக்குபவருக்கு முன்பாக வட்டு தாண்ட வேண்டும். தாக்க வருபவர்கள் கோட்டருகே சட்டென்று வேகத்தைக் குறைத்து ஒரு காலை இழுத்துக்கொண்டு நிற்பது ஏன் என்பது இந்த ஒரு விதியில் விளங்கிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆள் மாற்றம். ஒரு வீரர் தொடர்ந்து முக்கால் நிமிடம்போலத்தான் தளத்தில் இருப்பார். முழு வேகத்தில் பாய்வது அதற்குமேல் யாராலும் முடியாது. ஆட்டம் நிற்காமலே ஐவர் தடுப்பைத் தாண்டி வெளியேற, ஐவர் உள்ளே குதிக்கிறார்கள். யார் இப்போதுதான் வந்தார்கள், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று கண் கணக்கு வைக்கத் தொடங்கிவிட்டால், வட்டு தெரிகிறதா இல்லையா என்ற கேள்வியே மறந்துபோகும்.

ஒரு ஊரே இப்படி நடுவயதில் கற்றுக்கொண்ட கதை அண்மைக் காலத்தில் உண்டு. நெவாடா பாலைவனத்தில் உள்ள லாஸ் வேகஸுக்கு வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்.எச்.எல். 2016 ஜூனில் ஓர் அணியை ஒதுக்கியது. கட்டணம் 50 கோடி டாலர். அணிக்குப் பெயர்கூட வைக்கப்படாத நிலையில் 10,000-க்கும் அதிகமான பருவச் சீட்டுகளுக்கு ஊர்மக்கள் முன்பணம் கட்டியிருந்தார்கள். மற்ற 30 அணிகளும் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு வீரரைக் கொண்டு கோல்டன் நைட்ஸ் உருவானது. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களின் கூட்டம் என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொண்டார்கள். அவர்களில் வில்லியம் கார்ல்சன் முந்தைய பருவத்தில் கொலம்பஸ் அணிக்காக அடித்தது 6 கோல், வேகஸில் முதல் பருவத்திலேயே 43. பருவம் தொடங்கும் வேளையில், 2017 அக்டோபர் 1 இரவு, அந்நகரத்து இசை விழாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 58 பேர் இறந்தார்கள். பின்னாளில் அந்த எண்ணிக்கை 60 ஆனது. ஒன்பது நாள் கழித்துச் சொந்த அரங்கில் முதல் ஆட்டம். தடுப்புப் பலகைகளிலிருந்து விளம்பரங்கள் அகற்றப்பட்டிருந்தன, வீரர்களோடு மீட்புப் பணியாளர்கள் தளத்துக்கு அழைத்துவரப்பட்டார்கள், 58 விநாடி மௌனம் காத்தார்கள். அந்த ஊரிலேயே பல ஆண்டுகளாகக் குடியிருந்த டெரிக் எங்கலண்ட் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார், பிறகு முதல் இருபது நிமிடப் பகுதிக்குள்ளாகவே ஒரு கோலும் போட்டார். தடுப்பாட்டக்காரரான அவர் கோல் போடுவதே அபூர்வம். அந்தப் பருவத்தின் முடிவில் அணி ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடர்வரை போய் வாஷிங்டனிடம் தோற்றது. 2023 ஜூன் 13 அன்று ஃப்ளோரிடாவை 9–3 என்று வென்று கோப்பையையும் தூக்கியது.

இதை ஐஸ் ஹாக்கியின் வெற்றி என்று மட்டும் எழுதிவிடுவது நேர்மையாகாது. வேகஸ் குடியேறிகளின் ஊர். குளிர் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஆட்டத்தைத் தெரிந்துகொண்டேதான் வந்திருப்பார்கள். 2003 முதல் 2014 வரை ராங்க்ளர்ஸ் என்ற சிறு லீக் அணியும் அங்கே ஆடியிருக்கிறது. முதல் ஆண்டின் துக்கமும் வெற்றியும் சேர்ந்து ஊட்டிய பாசத்தை வேறொரு ஊரில் திரும்ப உண்டாக்கவும் முடியாது. ஆனால் அணிமேல் பாசம் வைப்பது வேறு, ஆட்டத்துக்கு ரசிகராவது வேறு. துக்கம் மக்களை அரங்கத்துக்கு அழைத்து வந்தது. ஆண்டுக்கு 41 முறை திரும்பத் திரும்ப வர, பார்ப்பது விளங்கியாக வேண்டும். புறநகரில் கட்டப்பட்ட பயிற்சி அரங்கத்தின் கதவுகளை அணி திறந்தே வைத்தது. பயிற்சியைப் பார்க்கக் காசு வேண்டாம். ஆள் மாற்றத்தையும் நீலக்கோட்டையும் பத்தடி தூரத்தில் நின்று திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு அது. என் கணிப்பில், இறுதித் தொடருக்குப் போனதைவிட இது பெரிய முதலீடு.

அடுத்த மறுப்பு வழக்கமானது: வென்றதால் கூட்டம் வந்தது, அணி தோற்கட்டும், அப்போது பார்க்கலாம். மறுப்பில் சாரம் இருக்கிறது. ராபர்ட் சியால்டினியும் அவரது குழுவினரும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. பல்கலைக்கழகக் கால்பந்து அணி வென்ற வாரங்களில் மாணவர்கள் அதன் சின்னம் பொறித்த ஆடைகளைக் கூடுதலாக அணிந்துவந்தார்கள். வென்றால் 'நாம்' வென்றோம், தோற்றால் 'அவர்கள்' தோற்றார்கள். நம் ஊர்க் கிரிக்கெட் பேச்சிலும் இந்தப் பன்மை மாறுவதைக் கேட்கலாம். ஆனால் வெற்றி மட்டுமே காரணம் என்றால் டொராண்டோவை என்ன செய்வது? மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1967-ல். அங்கே சீட்டு கிடைப்பது இன்றும் குதிரைக்கொம்பு. வேகஸ் அணியும் 2022-ல் முதல் முறையாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறாமல் போனது, அரங்கம் காலியாகிவிடவில்லை. மறுபுறம் அட்லாண்டா இரண்டு அணிகளை இழந்தது, ஒன்று 1980-ல், மற்றொன்று 2011-ல். அரிஸோனா அணி 5,000 பேர் உட்காரக்கூடிய கல்லூரி அரங்கில் ஒண்டிக்கொண்டிருந்துவிட்டு 2024-ல் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பாலைவனத்தில் இது எடுபடாது என்பதற்குச் சான்றாக அரிஸோனாவைக் காட்டுகிறவர்கள், சிறுவயதில் அதே அணியைப் பார்த்து வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் 2016-ல் லீகின் முதல் தேர்வாக டொராண்டோவுக்குப் போனதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அங்கே விளங்காமல் போனது ஆட்டம் அல்ல, அரங்கமும் நிர்வாகமும்.

மொழியும் ஒரு தடை என்பார்கள். 2008-ல் கனடாவின் சனிக்கிழமை ஹாக்கி ஒளிபரப்பு பஞ்சாபியிலும் வரத் தொடங்கியது. வர்ணனையாளர் ஹர்நாராயண் சிங்கும் அவரது சகாக்களும் ஆங்கிலச் சொற்களை அப்படியே ஒப்பிக்கவில்லை. வட்டு அவர்கள் வாயில் 'டிக்கி' ஆனது, சாட் தட்டில் வரும் அதே டிக்கி. தண்டனை அறை 'சஜா தா டப்பா', அதாவது தண்டனை டப்பா. 2016 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்கின் நிக் போனினோ கடைசி நிமிடங்களில் வெற்றி கோல் போட்டபோது சிங் அந்தப் பெயரை மூச்சுவிடாமல் இழுத்து இழுத்துக் கூவியது உலகமெங்கும் பரவியது. கோப்பை வென்ற கையோடு பிட்ஸ்பர்க் தன் கொண்டாட்டத்துக்கு அந்தக் குழுவை வரவழைத்தது. பெரியவர்களானபின் கனடாவில் இறங்கியவர்களுக்கு ஆட்டத்தின் கதவைத் திறந்தது அடுப்படிச் சொல்தான், பால்ய நினைவு அல்ல. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் தமிழர்களுக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. பக்குக்கு 'வட்டு' என்ற சொல் நம்மிடம் தயாராகவே இருக்கிறது.

கடினமான மறுப்பு கைகலப்பு பற்றியது. என்.எச்.எல். ஆட்டத்தில் கையுறைகளை உதறிவிட்டுக் குத்திக்கொள்பவர்களுக்கு ஐந்து நிமிடத் தண்டனைதான். 2011-ல் 28 வயதில் இறந்த டெரெக் பூகார்டு சண்டைக்காரராகவே லீகில் இடம் பிடித்தவர். அவரது மூளையைப் பரிசோதித்தவர்கள் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. நோயைக் கண்டார்கள். லீகின் தலைமை அந்தத் தொடர்பை ஒப்புக்கொள்ளாமலே காலம் தள்ளியது. சண்டைகள் 1980-களோடு ஒப்பிட்டால் பெருமளவு குறைந்துவிட்டன. ஆனால் ஒழியவில்லை. இதற்குச் சமாதானம் சொல்ல நான் விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: இதைப் பார்த்தே வளர்ந்த குழந்தைக்கு அது ஆட்டத்தின் ஓர் அங்கம். நாற்பதில் வருபவருக்கோ, சண்டை தொடங்கினால் ஆட்டம் நின்றுவிடுகிறது என்பது முதல் நாளே தெரிகிறது. எழுந்து நின்று கைதட்ட அவருக்குத் தோன்றுவதில்லை.

புதியவர் எதைப் பார்க்க வேண்டும் என்றால், இரண்டாவது இருபது நிமிடங்களைத்தான் சொல்வேன். மூன்று பகுதிகளில் நடுவிலுள்ள அதில் அணிகள் பக்கம் மாறியிருக்கும், உட்காரும் பெஞ்சு மட்டும் மாறாது. அதனால் தன் கோலைக் காக்கும் ஐவருக்கு மாற்று ஆட்கள் இருக்கும் இடம் தூரமாகிவிடும். நாற்பது விநாடி ஆகிவிட்டது, வெளியேற வழியில்லை. ஒருவர் மூச்சுத் திணறி வட்டைத் தளத்தின் மறுகோடிவரை அடித்துத் தள்ளுகிறார். நடுக்கோட்டுக்கு இப்பாலிருந்து அடித்தது யார்மீதும் படாமல் எதிர்க் கோல் கோட்டைத் தாண்டினால் அது 'ஐசிங்'. விசில். ஆட்டம் மறுபடி அவர்கள் கோல் அருகிலேயே தொடங்கும், தவறு செய்த அணி ஆளை மாற்றக் கூடாது, டைம் அவுட்டும் கேட்க முடியாது. எதிரணியில் புதிதாக ஐவர் இறங்குகிறார்கள். இந்த ஐவரோ மட்டையை முழங்கால்மேல் குறுக்காக வைத்துக் குனிந்து நிற்கிறார்கள். வட்டு போடப்படுகிறது. ஓட்டம் நடையாகிறது, மட்டை நீள்கிறது, கால் வரவில்லை. ஒரு நிமிடம் பத்து விநாடி. நீலக்கோட்டிலிருந்து யாரோ அடிக்கிறார். வட்டு எங்கே என்று அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. கோல்கீப்பரின் கையுறை ஏதோ ஒன்றின்மேல் பொத்தென்று விழுந்து மூடிக்கொள்கிறது. மறுபடியும் விசில். ஐவரும் பெஞ்சைப் பார்த்துப் போகிறார்கள்.