உங்களுக்குத் தெரியுமா?

மாட்டுத்தாவணியின் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை நம்பி ஒரு பல்புகூட எரியாத நேரத்திலும், இணைப்பில் இருக்கும்வரை அது மின்சாரத்தைத் தின்றுகொண்டேதான் இருக்கும்!

• தின்பது உள்ளே இருக்கும் எஃகு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், எஃகின் காந்தத் திசை நொடிக்கு 100 முறை புரள்கிறது. ஒவ்வொரு புரளலிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. அருகே கேட்கும் ரீங்காரமும் பெரும்பாலும் இந்த எஃகு நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால் வருவதே.

• இந்த இழப்புக்கு மருந்து, எஃகில் கலக்கும் சுமார் 3 சதவீதம் சிலிக்கான். மின்தடை நான்கு மடங்குக்கு மேல் கூடும். எஃகுக்குள்ளேயே சுற்றி வெப்பமாக வீணாகும் சுழல் மின்னோட்டம் அடங்கும். முழுக்கட்டிக்குப் பதில், காப்புப் பூச்சிட்ட 0.23–0.35 மி.மீ. தகடுகளை அடுக்குவதும் அதற்காகத்தான்.

• இழப்பை இன்னும் குறைக்க, எஃகின் படிகங்களை ஒரே திசைக்குத் திருப்பும் அருமையான உத்திக்கு 1934-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான நார்மன் காஸ்.

• எஃகுத் தகட்டுக்குப் பதில் படிகமே இல்லாத உலோக நாடாவைப் பயன்படுத்தினால், இழப்பு சிலிக்கான் எஃகில் ஆவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.