ரூர் வட்டாரத்தின் கடைசிக் கரித்துண்டு

2018 டிசம்பர் 21. ஜெர்மனியின் ரூர் வட்டாரத்து போட்ராப் நகரில், கரி அப்பிய முகத்தோடு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மேலே வந்த தொழிலாளர்கள், தாங்கள் வெட்டிய கடைசித் துண்டை ஜனாதிபதி ஸ்டைன்மையரின் கையில் கொடுத்தார்கள். பலருக்குக் கண் கலங்கியது. 1957இல் சுமார் 6 லட்சம் பேருக்குச் சோறு போட்ட ஆழ்சுரங்க நிலக்கரித் தொழில் அன்றோடு முடிந்தது.

திடுதிப்பென்று வந்த முடிவல்ல. அரசுகளும் சுரங்க நிறுவனமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசி 2007லேயே குறித்த கெடு அது. நிலத்தடியில் உழைத்தவர் 50 வயதிலேயே வேலையை விட்டு, ஓய்வூதியம் வரும்வரை உதவித்தொகை வாங்கலாம். இளையவர்களுக்கு வேறு தொழிலில் பயிற்சி. இதைத் தர்மக் கணக்கில் எழுதுவது தவறு என்பேன். மாதாமாதம் கைக்கு வந்த அந்தப் பணம்தான் தெருமுனை ரொட்டிக்கடையையும் வீட்டுக்கடன் தவணையையும் தாங்கியது. சுரங்கத்தோடு ஊரும் படுத்திருந்தால், தூக்கி நிறுத்த எவ்வளவு ஆகியிருக்கும்!

ரூர் வட்டாரத்தில் ஓடும் எம்ஷர் ஆற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். கரி வெட்ட வெட்ட நிலம் அமிழ்ந்தது. பூமிக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கி, ஊர்ச் சாக்கடையை அதில் விட்டார்கள். அங்கே சுரங்கங்கள் ஓய்ந்து நிலம் அடங்கிய பிறகு, 1992இல் மீட்பு வேலை தொடங்கியது. 400 கிலோமீட்டருக்கும் மேல் புதைகுழாய், சுமார் 550 கோடி யூரோ, முப்பது வருஷ வேலை. குழி தோண்டியவருக்குக் கூலி, குழாய் வார்த்தவருக்கு வியாபாரம். 2021 முடிவில் ஆற்றில் சாக்கடை விழுவது அடியோடு நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த கரையில் இன்று சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

எல்லாம் சுபம் என்று எழுத மனம் வரவில்லை. வேலையின்மை இன்றும் நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ரூரின் கெல்சன்கிர்ஹன் நகரமும் ஒன்று. கட்டுப்படியாகாத கரியை மானியத்தால் பல பத்தாண்டு இழுத்துப்பிடித்த பணத்தில் ஒரு பங்காவது புதுத் தொழில்களுக்கு முன்பே போயிருக்க வேண்டும். அந்தப் பாடம் வீண்போகவில்லை. நிலக்கரி மின்சாரத்தை 2038க்குள் நிறுத்த 2020இல் சட்டம் செய்தபோதே, பாதிக்கப்படும் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஜெர்மனி ஒதுக்கிவிட்டது.

ரூரில் முடியாத செலவும் ஒன்று உண்டு: மூடிய சுரங்கங்களில் ஊறும் நீரை என்றைக்கும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதையும் 2007லேயே பேசி, தனி அறக்கட்டளை அமைத்தார்கள். 2019 முதல் அந்த அறக்கட்டளையின் பணத்தில்தான் பம்புகள் ஓடுகின்றன.