எலும்புக்குப் பீங்கான்: உடையாமல் செய்வது எப்படி?

தேவாரத்துக்காரர்களுக்கு எலும்பு முறிவு புதிதில்லை. ஏலத்தோட்டச் சரிவில் வழுக்கி விழுந்து, காலில் தகடு வைத்துக்கொண்டவர்கள் நமக்குத் தெரிந்தே நாலு பேர் இருப்பார்கள். எலும்பில் ஒரு துண்டே போய்விட்டால் அந்த இடத்தை எதை வைத்து நிரப்புவது? கொஞ்ச நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். (நான் சாப்ட்வேர்காரன், டாக்டர் இல்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.)

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் தாது. அதற்கு மிக நெருக்கமான செயற்கைப் பீங்கான் ஹைட்ராக்சிஅபடைட். புது எலும்பு இதன்மேல் நேராகவே ஒட்டி வளரும். சென்னை ஐஐடியில் டி.எஸ். சம்பத்குமார் குழு இதை முட்டை ஓட்டிலிருந்தே செய்திருக்கிறது. ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தானே!

அப்புறம் என்ன சிக்கல்? ஒடிந்துவிடும். விரிசலைத் தாங்கும் திறன் இதற்கு சுமார் 1 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். கெட்டியான எலும்புக்கு 2 முதல் 12 வரை. மண்சுவரில் வைக்கோல் மாதிரி, எலும்பில் தாதுவோடு கொலாஜன் நாரும் இருக்கிறது. பீங்கானில் அது இல்லை. போதாததற்கு, எலும்பு உள்ளே வளர 100 மைக்ரானுக்கு மேல் துளைகள் வேண்டும். துளை கூடினால் பலம் குறையும்.

சரி, பலமான சிர்கோனியாவைச் சேர்த்தால்? அதில் விரிசல் நுனியிலுள்ள படிகங்கள் உருமாறி, சுமார் 4 சதவீதம் உப்பி, விரிசலை நெருக்கி நிறுத்தும். அருமையான தந்திரம். ஆனால் ஹைட்ராக்சிஅபடைட்டோடு கலந்து சுட்டால் அது சிதைவது வேகமாகிறது. ஈரம் பட்டால், விரிசல் இல்லாமலே அதே உருமாற்றம் மெல்ல நடக்கும். 1998 வாக்கில் ஒரு பிரெஞ்சு நிறுவனம் இடுப்பு மூட்டுக்கான சிர்கோனியா பந்துகளைச் சுடும் சூளையை மாற்றியது. சேர்மானம் அதேதான். அந்தப் பந்துகள் நோயாளிகளின் உடம்புக்குள் நூற்றுக்கணக்கில் உடைந்து, 2001-ல் திரும்பப் பெற்றார்கள். "கோடு அதேதான் சார், பில்டு சர்வர் மட்டும் மாத்தினோம்" என்போமே, அந்தக் கதை. இங்கே பக் என்றால் இன்னொரு ஆபரேஷன்.

அதனால் எனக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனத்தின் வழி பிடித்திருக்கிறது. எச்.கே. வர்மா, ஆனி ஜான் ஆகியோர் அங்கே துளையுள்ள ஹைட்ராக்சிஅபடைட்டில் சிலிக்கா கலந்த பூச்சு கொடுத்து, ஆட்டின் தொடை எலும்பில் வைத்துச் சோதித்தார்கள். எஃகோடு போட்டி போடுவது நோக்கமில்லை. எலும்பு உள்ளே வளர்ந்து பிடிக்கிறவரை பீங்கான் இடத்தைக் காக்கும், எடையைத் தகடு சுமக்கும்.