ராக்கெட் இறங்கிய பிறகு என்ஜினுக்கு என்ன நடக்கிறது?

குத்தாலம் பக்கம் குறுவை நடவு நேரத்தில் போர்வெல் மோட்டார் புகைந்துவிட்டால், அதைக் காயில் கட்டி வாங்கும்வரை நாற்று காத்திருக்காது. கிடைத்த வேறொரு மோட்டாரை இறக்கித் தண்ணீர் பாய்ச்சுவார்கள். பழையது பட்டறையில் நிதானமாகச் சரியாகும். திரும்பத் திரும்பப் பறக்கும் விண்கலங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டிலில் மூன்று பெரிய என்ஜின்கள். ஒவ்வொன்றும் மூன்று டன்னுக்கு மேல். உள்ளே வரும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி குளிர். எரியும் அறையிலோ சுமார் 3,300 டிகிரி வெப்பம். எரிபொருள் பம்பு நிமிடத்துக்கு 35,000 சுற்று அளவில் சுழலும். ஓடுவது எட்டரை நிமிடம்தான் என்றாலும், அந்த எட்டரை நிமிடத்தில் ஒரு தகட்டில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் அடுத்த பயணத்தில் உயிர்கள் போகும். அதனால்தான் பிற்காலத்தில் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் மூன்றையும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். கழற்றுவது மட்டும் வேலையில்லை. எரிபொருள் குழாய்கள், மின்கம்பிகள் எல்லாவற்றையும் திரும்ப இணைத்து, எங்காவது கசிகிறதா என்று பார்த்து முடிப்பதுதான் பெரும்பாடு.

1994 ஆகஸ்ட் 18 அன்று எண்டெவர் விண்கலம் புறப்பட 1.9 விநாடி இருந்தது. என்ஜின்கள் எரியத் தொடங்கிவிட்டன. உள்ளே ஆறு பேர். ஒரு பம்பில் வெப்பம் அளவைத் தாண்டியதும் கணினி எல்லாவற்றையும் நிறுத்தியது. பழுது ஒன்றில்தான், ஆனாலும் மூன்று என்ஜின்களையும் மாற்றினார்கள். செப்டம்பர் 30-இல் அதே விண்கலம் பத்திரமாகக் கிளம்பியது.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9-இல் ஒன்பது சிறிய என்ஜின்கள் இருப்பதால் வேலை சற்று எளிது. 2020-இல் ஒரு நுண்துளையில் வார்னிஷ் போன்ற பூச்சு அடைத்திருந்தது தெரிந்து, நான்கு வீரர்களை ஏற்றிச் செல்லவிருந்த ராக்கெட்டில் இரண்டு என்ஜின்களை மாற்றிய பிறகே நவம்பரில் ஏவினார்கள்.

நம் நாட்டில்? நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் 2025 ஜனவரி 17 அன்று இஸ்ரோ விகாஸ் என்ஜினை 60 விநாடி எரித்து, 120 விநாடி நிறுத்தி, மறுபடி ஏழு விநாடி எரித்துப் பார்த்தது. நிறுத்திய என்ஜின் மீண்டும் பற்றாவிட்டால் ராக்கெட் நிமிர்ந்து தரையிறங்க வழியில்லை. சித்ரதுர்காவில் 2024 மார்ச்சில் இறங்கிய புஷ்பக் விண்கலத்தின் உடலையே ஜூனிலும் பறக்கவிட்டு இறக்கினார்கள். ஆனால் ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்ட அது என்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்து வந்தது. விண்ணுக்குப் போய்த் திரும்பிய என்ஜினைக் கழற்றிப் பார்க்கும் வேலை நம் பொறியாளர்களுக்கு இனிமேல்தான் வரவேண்டும்.