இன்புளுவென்சா மருந்தும் இரண்டு நாள் அவகாசமும்

தடிமன் காய்ச்சலுக்கு மருந்து குடித்தால் ஏழு நாள், குடிக்காவிட்டால் ஒரு வாரம் என்று நம் மத்தியில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. சாதாரண தடிமனைப் பொறுத்தவரை இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், இன்புளுவென்சா வைரஸினால் ஏற்படுகின்ற காய்ச்சலையும் இவ்வாறே அலட்சியமாக நோக்குவது ஆபத்தானதாகும். உலகெங்கும் ஆண்டுதோறும் 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வரை இந்நோயுடன் தொடர்புடைய சுவாசப் பாதிப்புகளினால் மரணமடைவதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. நமது நாட்டிலும் 2018 மே மாதத்தில் தென் மாகாணத்தில் பரவிய இன்புளுவென்சா உள்ளிட்ட வைரஸ் காய்ச்சல் சிறுவர்கள் பலரின் உயிரைக் காவுகொண்டதை மறந்துவிட முடியாது.

இந்நோய்க்கென மருந்துகள் இருக்கின்றன என்பதே நம்மில் பலர் அறியாத விடயமாகும். காய்ச்சல் என்றதும் மருந்தகத்திற்குச் சென்று அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கும் பழக்கம் இன்னமும் நீங்கவில்லை. அன்டிபயோட்டிக் பக்றீரியாக்களை எதிர்ப்பதேயன்றி வைரஸ்களுக்கு எதிராக எதனையும் செய்வதில்லை. வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் முற்றிலும் வேறானவை. இன்புளுவென்சா வைரஸ் நமது உயிரணுக்களினுள் புகுந்து பெருகி, நியூராமினிடேஸ் என்னும் நொதியத்தின் துணையுடன் வெளியேறி அடுத்த உயிரணுக்களைத் தாக்குகின்றது. 1999ஆம் ஆண்டில் பாவனைக்கு வந்த ஒசெல்டாமிவிர், சனாமிவிர் ஆகிய மருந்துகள் இந்த நொதியத்தைத் தடுக்கின்றன. டமிபுளூ என்ற பெயரில் பலரும் அறிந்திருப்பது இவற்றுள் முதலாவதாகும். 2018இல் அறிமுகமான பலொக்சவிர், உயிரணுவினுள் வைரஸ் பெருகுவதையே தடுக்கின்றது.

இம்மருந்துகள் வைரஸின் பெருக்கத்தையும் பரவலையும் மட்டுப்படுத்துமே தவிர, ஏற்கனவே நேர்ந்துவிட்ட பாதிப்பை மாற்றியமைக்க மாட்டா. ஆகவேதான் நோய்க்குறிகள் தோன்றி 48 மணித்தியாலங்களுக்குள் இவற்றை ஆரம்பிக்க வேண்டுமென வலியுறுத்தப்படுகின்றது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குப் பின்னரும் வழங்கப்படுவதுண்டு. ஆயினும் தாமதிக்கத் தாமதிக்கப் பயன் குறைந்துகொண்டே செல்லும்.

அதேவேளை, இவற்றைச் சர்வரோக நிவாரணியாகக் கருதுவதும் தவறாகும். பறவைக் காய்ச்சல் அச்சமும் 2009ஆம் ஆண்டின் எச்1என்1 தொற்றும் பல அரசாங்கங்களை டமிபுளூவைப் பெருந்தொகையில் கொள்வனவு செய்யத் தூண்டின. பிரித்தானியா மாத்திரம் இதற்காக 40 கோடி பவுணுக்கும் அதிகமாகச் செலவிட்டது. ஆனால், 2014இல் கொக்ரேன் ஆய்வாளர்கள் மருந்துப் பரிசோதனைகளின் முழு அறிக்கைகளையும் பெற்று ஆராய்ந்தபோது, வளர்ந்தோரின் நோய்க்குறிகள் நீடிக்கும் காலம் 7 நாட்களிலிருந்து 6.3 நாட்களாக மட்டுமே குறைவது தெரியவந்தது. குமட்டலும் வாந்தியும் பக்க விளைவுகளாகப் பதிவாகின. 2017இல் உலக சுகாதார ஸ்தாபனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலின் பிரதான பகுதியிலிருந்து ஒசெல்டாமிவிரை அகற்றித் துணைப் பகுதியில் சேர்த்தது.

வைரஸ்கள் மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல் பெறுவதும் கவனத்திற்குரியது. முன்னர் பயன்பட்ட அமன்டடின், வைரஸ்களின் எதிர்ப்புத் திறன் காரணமாக இன்று இன்புளுவென்சாவுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. 2008இல் ஒசெல்டாமிவிருக்கு அடங்காத பருவகால எச்1என்1 வைரஸ் நோர்வேயில் பரவலாக இனங்காணப்பட்டு, விரைவிலேயே உலகெங்கும் பரவியது.

அப்படியாயின் இம்மருந்துகள் யாருக்கு அவசியம்? ஆரோக்கியமான ஒருவருக்கு ஓய்வும் நீராகாரமும் பரசிற்றமோலுமே பெரும்பாலும் போதுமானவை. முதியோர், கர்ப்பிணித் தாய்மார், சிறு குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய, சிறுநீரக நோயாளர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியோர் ஆகியோரின் நிலை வேறு. இவர்களுக்கு இந்நோய் நியூமோனியாவாக மாறக்கூடும் என்பதால், முதல் இரண்டு நாட்களே தீர்க்கமானவை. இத்தகையோர் நோயாளியுடன் நெருங்கிப் பழக நேர்ந்தால், நோய் தொற்றுமுன் தடுப்பதற்காகவும் வைத்தியர்கள் இம்மருந்தைச் சில நாட்களுக்கு வழங்குவதுண்டு. ஆனால், உட்கொள்ளும் காலம் வரையே அப்பாதுகாப்பு நீடிக்கும். தடுப்பூசிக்கு அது மாற்றீடாகாது.

நமது நாட்டில் மற்றுமொரு சிக்கலும் உள்ளது. இங்கு காய்ச்சல் எல்லாம் இன்புளுவென்சா அல்ல. டெங்கு எப்போதும் நம்முடன் இருக்கின்றது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிர்களைப் பறித்த காய்ச்சல், எலிக்காய்ச்சல் எனப் பின்னர் உறுதிப்படுத்தப்பட்டது. எலிக்காய்ச்சலுக்கு உயிர்காப்பது அன்டிபயோட்டிக். இன்புளுவென்சாவுக்கோ அது பயனற்றது. டெங்கு நோயாளி அஸ்பிரின் உட்கொண்டால் இரத்தப்போக்கு ஏற்படும் அபாயம் அதிகரிக்கும். எனவே, எந்தக் காய்ச்சல், எந்த மருந்து என்பதை நோயாளியோ மருந்தக ஊழியரோ தீர்மானிப்பது விபரீதத்திலேயே முடியும்.

‘இரண்டொரு நாள் பார்த்துவிட்டுப் போவோம்’ என்பது நமது குடும்பங்களில் ஊறிப்போன மனப்பான்மையாகும். ஆனால், வீட்டில் முதியவரோ கர்ப்பிணியோ நாட்பட்ட நோயாளியோ காய்ச்சலில் விழும்போது, நாம் பொறுத்திருந்து பார்க்கும் அந்த இரண்டு நாட்கள்தான் மருந்து நன்கு பலனளிக்கக்கூடிய நாட்களாகும். மறுபுறம், உரிய நேரத்தில் வைத்தியசாலையை நாடி வருபவருக்கு அங்கே மருந்து இருக்கவும் வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டினால் நோயாளர்கள் பட்ட அவலத்தை நாம் கண்டோம். கிராமப்புற வைத்தியசாலைகளிலும் இம்மருந்துகள் போதியளவு கையிருப்பில் இருப்பதைச் சுகாதார அமைச்சு உறுதிசெய்ய வேண்டும். நோயாளியைத் தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வது குடும்பத்தினரின் கடமையாகும். இவ்விரண்டில் எது தவறினாலும் அம்மருந்து இருந்தும் பயனில்லை.