நடுவழியில் ஸ்கூட்டி நின்றால் யார் வருவார்?

யுத்தத்தில் காலை இழந்த, இடுப்புக்குக் கீழே காயம்பட்ட எமது சகோதரிகள் சிலர் இன்று தாமே ஸ்கூட்டி ஓட்டுகின்றனர். சாதாரண ஸ்கூட்டியின் பின்புறத்தில் இரும்புச் சட்டம் ஒன்றை இணைத்து, இரு பக்கமும் துணைச் சில்லுகளைப் பூட்டிய வண்டி அது. சிலருக்கு நிறுவனங்கள் வழங்கின. சிலர் வண்டியைக் கடனுக்கு வாங்கி, துணைச் சில்லுகளை ஊரிலுள்ள ஒட்டுவேலைக் கடையில் பொருத்திக்கொண்டனர்.

பிள்ளையைப் பாடசாலையில் விடுவதற்கும், கிளினிக்குக்குப் போவதற்கும், தைத்த உடுப்பைக் கடைக்குக் கொடுப்பதற்கும் தம்பியையோ அயலவரையோ எதிர்பார்த்திருந்த நிலையை இந்த வண்டி மாற்றியுள்ளது. ஆனால் அது நடுவழியில் நின்றுவிட்டால், மற்றவர்களைப் போல இறங்கித் தள்ளிக்கொண்டு போக எம்மில் பலரால் முடியாது. வண்டியை விட்டுவிட்டு நடந்து போகவும் முடியாது. எனவே, “வண்டி நின்றால் யார் வருவார்?” என்ற கேள்விக்கு வீட்டைவிட்டுப் புறப்படும் முன்னரே விடை தேடி வைத்திருக்க வேண்டும்.

எமது வீதிகள்

மன்னார் நகரில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீற்றர். பேசாலையைக் கடந்த பின் கராஜ் தேடுவது இலகுவல்ல. பெருநிலப் பக்கம் போவதென்றால், 1990 இல் தகர்க்கப்பட்டு, 2010 இல் யப்பானிய உதவியுடன் புதிதாகத் திறக்கப்பட்ட பாலத்தையும் கடல் நடுவே நீளும் தாம்போதியையும் தாண்ட வேண்டும். அங்கே நிழல் இல்லை. சோளகக் காற்றுக் காலத்தில் நின்ற வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதே பெரும்பாடு. தள்ளாடியைத் தாண்டி, ஏ 32 வீதியால் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் என்று போகும்போது ஊர்களுக்கிடையே நெடுந்தூரம் வெறுமையாகக் கிடக்கின்றது.

கடற்கரை உப்புக்காற்று இரும்பைத் தின்னும். துணைச் சில்லின் போல்பெயாரிங்கும் சட்டத்தின் ஒட்டுகளும் முதலில் பழுதாவது இதனாலேயே. இரவில் வீதியில் நிற்கும் மன்னார்க் கழுதைகளையும் மறந்துவிட முடியாது. ஆகவே வண்டி நிற்பது அபூர்வமாக நடப்பதல்ல, என்றாவது நடக்கப்போவது என்றே எண்ணித் திட்டமிட வேண்டும்.

கையிலுள்ள காப்புறுதி எதற்கு உதவும்?

“எனக்குக் காப்புறுதி இருக்கிறது தானே” என்று பல சகோதரிகள் சொல்வதுண்டு. வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குக் காப்புறுதிச் சான்றிதழ் கட்டாயம் என்பதால் எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது மூன்றாம் தரப்புக் காப்புறுதியாகவே இருக்கும். எமது வண்டியால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்குமே அது பொறுப்பேற்கும். எமது வண்டியின் சேதத்துக்கு அதிலிருந்து பணம் வராது. வண்டி நின்றுவிட்டால் எவரும் வரவும் மாட்டார்கள்.

முழுக் காப்புறுதி எமது வண்டியின் விபத்துச் சேதத்தையும் ஈடுசெய்யும். வீதி உதவிச் சேவை, அதாவது பழுதடைந்த வண்டியை வந்து பார்த்தல், ஏற்றிச் செல்லல் போன்றவை, பொதுவாக இந்த வகையுடனேயே இணைத்து விற்கப்படுகின்றன. ஆனால் விபத்தும் பழுதும் ஒன்றல்ல. மோதியதால் நின்ற வண்டிக்கு வரும் சேவை, பற்றரி இறங்கியதால் நின்ற வண்டிக்கும் வருமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். காருக்கு உள்ள சேவை மோட்டார் சைக்கிளுக்கும் உண்டா என்பதையும் அப்படியே கேட்க வேண்டும்.

கையால் மாற்றிய வண்டியின் சிக்கல்

எமது ஸ்கூட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவுப் புத்தகத்தில் அது இரண்டு சில்லு மோட்டார் சைக்கிள். வீதியில் அது நான்கு சில்லில் நிற்கின்றது.

இங்கிலாந்தில் சிலர் பழைய காரின் இயந்திரத்தையும் பிற பாகங்களையும் எடுத்து, புதிய உடலமைப்பு வாங்கி, வீட்டிலேயே கார் பூட்டுகின்றனர். இத்தகைய கார்களை அரசு தனித்தனியே பரிசோதித்தே வீதிக்கு விடுகின்றது. பாகங்களின் வயதோ பூர்வீகமோ தெரியாவிட்டால் ‘கியூ’ என்ற எழுத்தில் தொடங்கும் இலக்கத்தகடு வழங்கப்படும். வீதி உதவிக்கு வரும் மெக்கானிக்கிடம் அந்தக் காருக்கான கைநூல் இருக்காது. எந்தப் பாகம் எந்த வண்டியில் இருந்து வந்தது என்பது கட்டியவருக்கே தெரியும். ஆகவே பாகப் பட்டியல் ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பது அவர்களுக்குப் பெரிதும் உதவும். எமது ஸ்கூட்டிக்கும் இதுவே பொருந்தும்.

காப்புறுதி என்பது முழு உண்மையையும் கூறிச் செய்யும் ஒப்பந்தம். துணைச் சில்லு பூட்டியதைச் சொல்லாமல் மறைத்தால், கட்டணம் கட்டியிருந்தும் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. எனவே முதலில் மாவட்டச் செயலகத்தில் உள்ள மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில், மாற்றியமைத்த வண்டியை எப்படிப் பதிவில் சேர்ப்பது, அதை ஓட்ட எந்த வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று விசாரியுங்கள். பின்னர் முன், பின், இரு பக்கம் என நான்கு படங்கள் எடுத்து, சட்டம் செய்த பற்றுச்சீட்டுடன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். துணைச் சில்லுகளின் பெறுமதியையும் காப்புறுதித் தொகையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வண்டி யாருடைய பெயரில் இருக்கின்றது என்பதும் முக்கியம். நிறுவனத்தின் பெயரிலோ, முந்திய சொந்தக்காரரின் பெயரிலோ ‘ஓபன் பேப்பரில்’ ஓடும் வண்டிகள் எம்மிடையே பல உண்டு. உங்கள் பெயருக்கு மாற்றாத வண்டிக்கு இழப்பீடு கேட்டு அலைவது பெரும் துன்பம்.

முகவரிடம் கேட்க வேண்டியவை

குறைந்த கட்டணம் எது என்று பார்த்து மட்டும் தெரிவு செய்ய வேண்டாம். கீழ்க்காணும் கேள்விகளை இரண்டு மூன்று நிறுவனங்களின் முகவர்களிடம் கேட்டு, விடைகளை எழுதிக்கொள்ளுங்கள்.

1. உதவி வாகனம் எந்த ஊரில் இருந்து புறப்படும்? மன்னாரில் அலுவலகம் இருப்பது வேறு, மன்னாரில் ஏற்றும் லொறி இருப்பது வேறு. வவுனியாவில் இருந்தோ அநுராதபுரத்தில் இருந்தோ வருவதானால் எத்தனை மணித்தியாலம் ஆகும்?

2. கட்டித் தான் இழுப்பார்களா, தட்டில் ஏற்றுவார்களா? துணைச் சில்லு வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது ஆபத்து. தட்டையான பெட்டியுள்ள வாகனம் வேண்டும். ஏற்றும் பலகை இரண்டு சில்லுக்கு அளந்ததானால் எமது வண்டி ஏறாது. வண்டியின் அகலத்தை அளந்து சொல்லுங்கள்.

3. வண்டியுடன் என்னையும் ஏற்றுவீர்களா? இதுவே எமக்கு மிக முக்கியமான கேள்வி. வண்டி கராஜுக்குப் போய், அதை ஓட்டியவர் வீதியோரத்தில் நின்றால் அந்தச் சேவையால் எமக்குப் பயனில்லை. எங்கே கொண்டுபோய் விடுவார்கள், அருகிலுள்ள கராஜிலா, வீட்டிலா என்பதையும் கேளுங்கள்.

4. இலவசத் தூரம் எவ்வளவு? அதற்கு மேல் கிலோமீற்றருக்கு எவ்வளவு? வருடத்தில் எத்தனை தடவை அழைக்கலாம்?

5. வீட்டு வாசலில் வண்டி இயங்காவிட்டாலும் வருவார்களா? சில திட்டங்களில் வீட்டில் இருந்து குறிப்பிட்ட தூரம் தாண்டினால்தான் உதவி கிடைக்கும்.

6. காப்பு வண்டிக்கா, ஆளுக்கா? ஆளுக்கு உரியதானால் வேறு வண்டியில் போகும்போதும் பயன்படும். வண்டிக்கு உரியதானால் உங்கள் மகள் ஓட்டும்போதும் பயன்படும்.

7. இரவு 9 மணிக்கு அழைத்தால் தமிழில் பதில் சொல்ல ஆள் இருப்பாரா? கையெழுத்திடும் முன் அந்த இலக்கத்துக்கு ஒருமுறை இரவில் அழைத்துப் பாருங்கள்.

வாய்ப்பேச்சில் கிடைத்த உறுதியைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில் ஆவணம் கேட்கத் தயங்க வேண்டாம். இழப்பீட்டில் பிணக்கு ஏற்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பின்னர் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். காப்புறுதி நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

கம்பனி வராத இடத்தில்

விடைகளைச் சேர்த்துப் பார்த்தபின், எமது வண்டிக்கும் எமது ஊருக்கும் எந்தத் திட்டமும் சரிவரவில்லை என்று தெரியவரலாம். அப்படியானால் வீதி உதவிக்காகக் கூடுதல் பணம் கட்டுவதில் பயனில்லை. எமக்குள்ளேயே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

இது புதுமையான யோசனை அன்று. இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் 1904 இலும், இங்கிலாந்தின் ஆட்டோமொபைல் சங்கம் 1905 இலும் தொடங்கப்பட்டன. வாகனம் வைத்திருந்தோர் சந்தா கட்டி, ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்த சங்கங்கள் அவை. வீதி உதவி என்ற சேவை இத்தகைய சங்கங்களின் வழியாகவே வளர்ந்தது. அன்று கார் வைத்திருந்த வசதி படைத்தவர்கள் செய்ததை, இன்று ஸ்கூட்டி வைத்திருக்கும் நாமும் செய்யலாம். சீட்டுப் பிடிப்பதும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சேமிப்பதும் எமக்குப் பழக்கமான விடயங்களே.

உதாரணமாக, 12 பேர் மாதம் 200 ரூபா வீதம் சேர்த்தால் வருடத்தில் 28,800 ரூபா சேரும். அதைத் தனிக் கணக்கில் வைத்து, மூன்று பேருடன் முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் எழுதுங்கள். முதலாமவர் பட்டா வாகனமோ லாண்ட்மாஸ்டர் பெட்டியோ வைத்திருப்பவர். இரண்டாமவர் உங்கள் வண்டியை ஏற்கெனவே பார்த்துப் பழகிய மெக்கானிக். மூன்றாமவர் உங்களை வீட்டுக்கு ஏற்றிவர நம்பகமான ஓட்டோக்காரர். தீவுப் பக்கத்துக்கு ஒருவர், பெருநிலப் பக்கத்துக்கு ஒருவர் என்று இருந்தால் இன்னும் நல்லது. இரவு, பகல் கூலியை முதலே தீர்மானித்து, கூலியைச் சங்கமே கொடுக்கட்டும். அப்போது வீதியில் நிற்கும் சகோதரி கையில் காசில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம் என்பதால், இந்த நிதி அதற்குப் பதிலாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வண்டியிலும் பையிலும்

எந்தக் காப்பும் பராமரிப்புக்கு ஈடாகாது. காலால் உதைத்து ஸ்டார்ட் செய்ய முடியாதவருக்குப் பற்றரியே உயிர்நாடி. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போது சத்தம் மெலிந்தால் தாமதிக்காமல் பற்றரியைச் சோதியுங்கள். வாரம் ஒருமுறை சட்டத்தின் ஒட்டுகளில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று பார்க்கச் செய்யுங்கள். கடற்கரை வீதியில் ஓடிய பின் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். துணைச் சில்லு வண்டி வளைவில் சாயாது என்பதால் வேகமாகத் திருப்பினால் புரளும். வேகத்தைக் குறைத்த பின்பே திருப்புங்கள்.

பின் சில்லு காற்றுப் போனால் சாதாரண ஸ்கூட்டியைப் போலச் சரித்துக் கழற்ற முடியாது. ஆகவே சிறிய ஜாக் ஒன்றும், துணைச் சில்லுக்குரிய மாற்று ரியூப்பும் இருக்கையின் கீழே இருக்கட்டும். பாகப் பட்டியல், காப்புறுதி இலக்கம், தொலைபேசி இலக்கங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தண்ணீர், தொப்பி, மின்சூள், தொலைபேசிக்கான பவர் பாங்க் ஆகியனவும் வேண்டும்.

காத்திருக்கும்போது

வண்டி நின்றால் இயன்றவரை இடது ஓரத்துக்கு எடுத்து, விளக்கைப் போட்டு, மைல்கல்லையோ பக்கத்திலுள்ள கோவில், பாடசாலையையோ அடையாளம் சொல்லி அழையுங்கள். பெருநிலப் பக்கத்தில் நிழலுக்கென்றோ வேறு தேவைக்கென்றோ பற்றைக்குள் இறங்க வேண்டாம். நிலக்கண்ணித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. வடக்கில் கண்ணிகளை அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 வரை உள்ளது. பழகிய வீதியே பாதுகாப்பானது. காயமோ சுகவீனமோ என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அச்சுறுத்தல் என்றால் 119 பொலிஸ், பெண்களுக்கான உதவிக்கு 1938 என்ற இலக்கங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் காப்புறுதிப் பத்திரத்தையும் பதிவுப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். அவற்றை வாசித்து விளங்கிக்கொள்ளக் கடினமானவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டலாம். “என்னையும் ஏற்றுவீர்களா?” என்ற கேள்விக்கு யாருடைய பத்திரத்தில் விடை இருக்கின்றது என்று சேர்ந்து பாருங்கள். எவரிடமும் இல்லையென்றால் அன்றைய கூட்டத்திலேயே முதல் 200 ரூபாவைச் சேர்க்கத் தொடங்கலாம்.