முந்தைய காதுக்கும் உங்கள் காதுக்கும் நடுவே

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்குத் தீவன லாரி வந்தால் நேரே உள்ளே விடமாட்டார்கள். வாசலில் கிருமிநாசினி நிரப்பிய தொட்டியில் சக்கரம் இறங்கி ஏற வேண்டும். நடந்து போகிறவரும் கால் நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சேறு அப்பிய செருப்போடு கால் வைத்தால் பிரயோசனமில்லை என்பது பண்ணையாட்களுக்குத் தெரியும். மருந்து சேற்றோடு மல்லுக்கட்டியே வீரியம் இழந்துவிடும். கிருமியிடம் போய்ச் சேராது.

காது மெஷின் கொடுக்கும் கிளினிக்கில் அந்தச் சேற்றின் இடத்தில் இருப்பது காதுக் குறும்பி.

குறும்பியை அழுக்கு என்று திட்டுவது அநியாயம். லேசான அமிலத்தன்மையும் கொழுப்பும் கொண்ட அது, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக்குழாயில் தண்ணீர் ஒட்டாமலும் பூஞ்சை எளிதில் வேர்விடாமலும் காக்கிறது. இன்னொருவர் காதுக்குப் போகும்போதுதான் சிக்கல். அதில் ரத்தமோ சீழோ கலந்திருந்தாலும் பழுப்பு நிறத்துக்குள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் யாருடைய குறும்பியையும் தொற்றுள்ளதாகவே பாவிக்க வேண்டும் என்பது செவித்திறன் நிபுணர்களுக்குச் சொல்லித்தரும் பாடம்.

காதுக்குள் பார்க்கும் ஆட்டோஸ்கோப்பின் முனையில் ஒரு சின்னக் கறுப்புக் கூம்பு செருகியிருக்கும். ஒருவருக்கு ஒன்று என்று போட்டுவிட்டால் கதை முடிந்தது. திரும்பப் பயன்படுத்துவதென்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, உலர்த்தி, அதன்பிறகே மருந்தில் போட வேண்டும். 2 சதவீத குளூட்டரால்டிஹைடு என்றால் 20 நிமிடம் முழுசாக மூழ்கிக் கிடக்க வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த காதுக்குள் நுழைப்பது, இருக்கிற குறும்பியைச் சமமாகப் பூசிவிடும் வேலைதான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு, வெறும் தோலைத்தானே தொடுகிறது என்று கேட்கலாம். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எர்ல் ஸ்பால்டிங் வகுத்த கணக்கு இன்றும் உலகெங்கும் நடப்பில் இருக்கிறது. நல்ல தோலை மட்டும் தொடும் கருவிக்குச் சாதாரணச் சுத்தம் போதும். புண்பட்ட தோலையோ சளிச்சவ்வையோ தொட்டால் உயர்தரக் கிருமிநீக்கம். சதைக்குள் போனால் கிருமி துளியும் மிஞ்சாத சுத்திகரிப்பு. காதுக்கூம்பு முதல் வகையில் நிற்க வேண்டியதுதான். ஆனால் கோழி இறகு, ஊக்கு, பட்ஸ், பைக் சாவி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் விட்டுக் குடைகிற ஊர் நம்முடையது. கீறல் விழாத காது எத்தனை இருக்கும்? பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அந்த ஈரத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் பூஞ்சை வெள்ளைப் படிவின்மேல் கரும்புள்ளிகளாகச் செழித்திருப்பதை நம் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் சாதாரணமாகப் பார்க்கிறார்கள்.

சின்ன கிளினிக்கில் என்ன பெரிதாக வந்துவிடப்போகிறது என்ற அலட்சியத்துக்கு வாணியம்பாடி பதில் சொல்லும். 2023-இல் அங்கே ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்களின் மூளையை மெலியாய்டோசிஸ் பாக்டீரியா தாக்கியது. 8 பேர் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி அது. சலைன் பாட்டிலைச் சுத்திகரிக்காத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தியதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு சுட்டிக்காட்டியது. 2025-இல் அது வெளியானபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. பல் வேறு, காது வேறு என்பது சரி. திறந்த பாட்டில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பீச்சிக் காது கழுவும் தண்ணீரில் சூடோமோனாஸ் இருந்தால், சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு அது காதுக்குழாயைத் தாண்டி மண்டையோட்டு எலும்புவரை பரவக்கூடும். காது கழுவுவதற்கு முன்பே சர்க்கரை இருப்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

கூம்பைவிட எனக்கு அதிகம் உறுத்துவது ஒலிக்குழாய். மெஷின் கரகரக்கிறது என்று கொண்டுவருவார்கள். ஸ்டெதஸ்கோப் போன்ற குழாயில் அதை மாட்டி, நிபுணர் தன் காதிலேயே வைத்துக் கேட்பார். காலை முதல் மாலை வரை ஊரார் காதுக் கிருமியெல்லாம் ஒருவர் காதுக்கு வரும் வழி இது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்களின் மெஷின்களில் பஞ்சுத்தூசியும் வியர்வையும் குறும்பியும் சேர்ந்து களிம்பாக அடைந்திருக்கும். கையுறை போட்டு, துடைத்தபிறகே மாட்ட வேண்டும். அதற்கும் ஸ்பிரிட் கூடாது: மெஷினைக் காதில் பொருத்தும் சிலிக்கோன் அச்சும் அக்ரிலிக் அச்சும் நாளடைவில் விறைத்து வெடிக்கும். ஆல்கஹால் இல்லாத துடைப்புத்தாள் தனியாக விற்கிறது. அல்ட்ராசோனிக் தொட்டியைக் காட்டி “இதுலயே எல்லாம் செத்துரும்ங்க” என்று சொன்னால் நம்ப வேண்டாம். அது அழுக்கைப் பிரிக்கும், அவ்வளவுதான்.

குப்பைக்கும் சட்டம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள்படி ரத்தமோ சீழோ பட்ட பஞ்சு மஞ்சள் பையிலும், கையுறை, பிளாஸ்டிக் குழாய் சிவப்புப் பையிலும் போக வேண்டும்.

எல்லா ஒழுங்கும் ஆட்டம் காணும் இடம் இலவச முகாம். கல்யாண மண்டபத்தில் பெஞ்சு போட்டு வரிசை. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க வேண்டும். காதுக்குக் காது கை கழுவக் குழாயடிக்கு ஓட முடியாது. கைக்கு ஆல்கஹால் திரவம் மேசையிலேயே இருந்தால் 20 முதல் 30 விநாடியில் வேலை முடிகிறது. சுத்தமான கூம்புக்கு ஒரு தட்டு, பயன்படுத்தியதற்கு வேறொரு தட்டு. வரிசையில் நிற்கிறவர் இதைக் கவனிக்கலாம், “ஏனுங்க, இது கழுவுனதுங்களா?” என்று கேட்கவும் கேட்கலாம். காதில் சீழ் வடிகிறவருக்கு அன்றைக்கு மெஷினுக்கான அச்சு எடுக்கவே கூடாது. அவரை சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். காது காய்ந்தபிறகு மெஷின் மாட்டிக்கொள்ளலாம்.